‘கார்!’ என்று கத்தும் தேசம்

அமெரிக்கா மிரட்டியபோது கனடா தன் ஹாக்கியைக் கையில் எடுத்தது. அந்த ஹாக்கி வளர்ந்த தெருக்களைப் பற்றித்தான் இப்போது கவலைப்பட வேண்டியிருக்கிறது.

மான்ட்ரியால் நகரின் பெல் சென்டர் அரங்கம். 2025 பிப்ரவரி 15, சனிக்கிழமை இரவு. இரு நாட்டுக் கீதங்களுக்கும் மரியாதை கொடுங்கள் என்று ஒலிபெருக்கியில் வேண்டிக்கொள்கிறார்கள். அமெரிக்க கீதம் தொடங்கியதும் அரங்கமே ஊளையிடுகிறது. நடுவர் ‘பக்’ எனப்படும் கறுப்பு ரப்பர் வட்டைப் பனித்தரையில் போடுகிறார். ஆட்டம் சூடுபிடிக்கக்கூட இல்லை. அதற்குள் அமெரிக்காவின் மேத்யூ கச்சக்கும் கனடாவின் பிராண்டன் ஹேகலும் கையுறைகளை உதறிவிட்டு ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துவிட்டார்கள். பிரித்துவிட்டு மறுபடி தொடங்கினால், மேத்யூவின் தம்பி பிரேடியும் கனடாவின் சாம் பென்னட்டும். பிறகு இன்னொரு ஜோடி. மூன்று சண்டையும் முடிந்தபோது கடிகாரத்தில் ஓடியிருந்தது ஒன்பது விநாடி.

அன்று அமெரிக்கா 3-1 என வென்றது. ஐந்து நாள் கழித்து பாஸ்டனில் இறுதி ஆட்டம். அதே இரண்டு அணிகள்.

வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கி லீகான என்.ஹெச்.எல். தன் வழக்கமான நட்சத்திர ஆட்டத்தை விட்டுவிட்டு, கனடா, அமெரிக்கா, ஸ்வீடன், பின்லாந்து என நான்கு நாடுகளை வைத்து நடத்திய புதுத் தொடர் அது. கோப்பைக்குப் பழைய பெருமை எதுவும் கிடையாது. ஆனால் அந்த வாரங்களில்தான் அமெரிக்க அதிபர் டிரம்ப் கனடாவை ‘51-ஆவது மாநிலம்’ என்று சொல்லிக்கொண்டும், அதன் பொருட்களுக்கு வரி போடுவேன் என்று மிரட்டிக்கொண்டும் இருந்தார். சும்மா ஆடவேண்டிய தொடர் மானப் பிரச்சினை ஆகிவிட்டது. இறுதி ஆட்டத்துக்கு முன் கனடா கீதத்தைப் பாடிய சான்டல் கிரேவியாசுக், ஒரு வரியை வேண்டுமென்றே மாற்றினார். எங்களை ஆள்வது நாங்கள் மட்டுமே என்று பொருள்படும்படி. ஆட்டம் 2-2 எனக் கூடுதல் நேரத்துக்குப் போயிற்று. அதில் 8 நிமிடம் 18 விநாடியில் மிட்ச் மார்னர் தள்ளிக்கொடுத்த பக்கை கானர் மெக்டேவிட் வலைக்குள் அடித்தார். எங்கள் நாட்டையும் எடுக்க முடியாது, எங்கள் ஆட்டத்தையும் எடுக்க முடியாது என்று பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ உடனே பதிவிட்டார்.

அடுத்த மாதம் அது அரசியல் முழக்கமாகவே மாறியது. ‘முழங்கையைத் தூக்கு’ என்ற வாசகம் சட்டைகளிலும் பதாகைகளிலும் ஏறியது. மூலையில் மாட்டிக்கொண்டால் முழங்கையால் இடித்து வழி பண்ணிக்கொள்வதில் பேர்போன, சஸ்காட்செவன் மாகாணத்துப் பழைய வீரர் கோர்டி ஹௌவின் நினைவு அது. ட்ரூடோவுக்குப் பின் பிரதமரான, ஹார்வர்டில் படிக்கும்போது கோல்கீப்பராக இருந்த மார்க் கார்னி, கனடா ஹாக்கிச் சட்டையோடு தேர்தல் விளம்பரத்தில் தோன்றி, ஏப்ரல் 28 தேர்தலில் வென்று ஆட்சியைத் தக்கவைத்தார்.

எதிரணியிலும் வீட்டுப் பிள்ளைகள்

சுமார் நான்கு கோடிப் பேர் வாழும் நாடு, தன்னைப்போல் எட்டு மடங்கு மக்கள் உள்ள நாட்டின் பக்கத்தில் இருக்கிறது. சினிமா அவர்களுடையது, சந்தை அவர்களுடையது, பாதுகாப்புக்கும் அவர்களைத்தான் பார்க்க வேண்டும். ஹாக்கி ஒன்றில்தான் கனடா நிமிர்ந்து நிற்கும். குளிர்கால தேசிய விளையாட்டு ஹாக்கி என்று 1994-இல் சட்டமே போட்டார்கள். நாம் பழகிய புல்தரை ஹாக்கி அல்ல. ஸ்கேட் கட்டிக்கொண்டு பனிக்கட்டியில் பாயும் ஹாக்கி. அங்கே ‘ஹாக்கி’ என்றாலே அதுதான்.

ஆனால் அந்த நிமிர்வும் முழுக்கச் சொந்தமில்லை. என்.ஹெச்.எல்-இன் தலைமையகம் நியூயார்க்கில். 32 அணிகளில் கனடாவுக்கு ஏழுதான். அந்த பிப்ரவரியில் அமெரிக்காவுக்குக் கேப்டனாக இருந்த ஆஸ்டன் மேத்யூஸ், டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் கேப்டன். சண்டை போட்ட பிரேடி கச்சக், தலைநகர் ஒட்டாவா அணியின் கேப்டன். அமெரிக்க கோல்கீப்பர் கானர் ஹெலபக், வினிபெக் நகரத்தின் செல்லம். வாரம் முழுக்கப் பெயர் எழுதிய சட்டை போட்டுக்கொண்டு கொண்டாடிய அதே மனிதர்களைப் பார்த்துத்தான் கனடா பல்லைக் கடித்தது. வெற்றி கோலுக்குப் பக்கைக் கொடுத்த மார்னரும் அப்போது லீஃப்ஸ் வீரர்தான். தன் கேப்டனையே வீழ்த்தினார்.

கீதத்தை ஊளையிட்டு அடக்குவது எனக்கு உவப்பானதில்லை. பாட வந்தவரும் ஆட வந்தவர்களும் வரி விதித்தவர்கள் அல்லர். ஆனாலும் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இருந்த பதற்றம் பொய்யில்லை. ஒரு நாடு தன் இறையாண்மைக்கு ஆபத்து என்று உணர்ந்த நேரத்தில் அதன் கைக்கு ஏன் கொடியைவிட முதலில் ஒரு மட்டை வந்தது? பதில் அரங்கத்தில் இல்லை. குடியிருப்புத் தெருக்களில் இருக்கிறது.

■ கடிகாரம் சொல்லும் கதை

1972, மாஸ்கோ: ஆட்டம் முடிய 34 விநாடி இருக்கும்போது பால் ஹெண்டர்சன் அடித்த கோல். சோவியத் அணிக்கு எதிரான எட்டு ஆட்டத் தொடர் கனடாவுக்கு.

2010, வான்கூவர் ஒலிம்பிக்: கூடுதல் நேரத்தில் 7 நிமிடம் 40 விநாடி. சிட்னி கிராஸ்பி. அமெரிக்காவுக்கு எதிராக 3-2. அந்த ஆட்டத்தை ஒரு பகுதியாவது பார்த்த கனடியர்கள் 2.65 கோடிப் பேர்.

2014, சோச்சி ஒலிம்பிக்: முடிய 54.6 விநாடி இருக்கையில் மேரி-பிலிப் பூலான் சமன்செய்தார். கூடுதல் நேரத்தில் வெற்றி கோலும் அவரே. மகளிர் தங்கம்.

2025, பாஸ்டன்: கூடுதல் நேரத்தில் 8 நிமிடம் 18 விநாடி. கானர் மெக்டேவிட்.

மட்டைகளைக் குவித்து அணி பிரிப்பது

தெரு ஹாக்கிக்கு ஸ்கேட் வேண்டாம், பனித்தளம் வேண்டாம். ஒரு மட்டை, ஒரு டென்னிஸ் பந்து, கார் வராத நேரம். பள்ளி விட்டு வந்ததும் பையை வாசலில் போட்டுவிட்டு ஓடினால் ஐந்தாறு பேர் கூடியிருப்பார்கள். எல்லோரும் மட்டைகளைத் தெரு நடுவே குவிப்பார்கள். ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு குனிந்து, ஒரு மட்டையை இந்தப் பக்கம், அடுத்ததை அந்தப் பக்கம் என எறிவான். உன் மட்டை விழுந்த பக்கம் உன் அணி. நன்றாக ஆடுபவன், ஆடத் தெரியாதவன், அண்ணன், தம்பி, வசதியுள்ளவன், இல்லாதவன் என்ற கணக்கெல்லாம் அந்தக் குவியலில் கலைந்துபோகும்.

காசிருந்தால் கடையில் வாங்கிய வலை. இல்லாவிட்டால் இரண்டு பூட்ஸ், இரண்டு பனிக்கட்டி உருண்டை. கோல்கீப்பர் வேலை பெரும்பாலும் இருப்பதிலேயே சின்னவன் தலையில் விழும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஈட்டன்ஸ் கடையின் தடித்த விலைப்பட்டியல் புத்தகத்தைத்தான் முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொண்டார்கள். சமவெளி மாகாணங்களின் ஊர்களில் பந்து கிடைக்காதபோது குளிரில் இறுகிப்போன குதிரைச் சாணமே பக். டென்னிஸ் பந்தும் கடுங்குளிரில் கல்லாகிவிடும். தொடையில் பட்டால் மறுநாள்வரை தடம் இருக்கும். மேலே தூக்கி அடிக்கக் கூடாது என்ற விதி அதனால் வந்தது. சாக்கடை மூடியின் இடுக்கில் பந்து விழுந்தால் அன்றைய பெரும் சோகம் அதுதான்.

பிறகு அந்தச் சத்தம். தெருமுனையில் வண்டியின் விளக்கு தெரிந்ததும் யாராவது ஒருவன் ‘கார்!’ என்று கத்துவான். ஆட்டம் அப்படியே உறையும். இரண்டு பேர் வலையைத் தூக்கி ஓரம் வைப்பார்கள். ஓட்டுநர் கையசைத்துவிட்டுப் போவார். முன்னொரு காலத்தில் அவரும் இதே தெருவில் வலை தூக்கியவராக இருக்கலாம். வண்டி கடந்ததும் ‘கேம் ஆன்!’ அட்லாண்டிக் கரையிலிருந்து பசிபிக் கரைவரை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில், இந்த இரண்டு கூவலும் மாறுவதில்லை. இதை யாரும் பாடப்புத்தகத்தில் சேர்க்கவில்லை, எந்த அமைச்சகமும் கற்றுத்தரவில்லை. நாட்டுப்பற்று என்று நாம் சொல்வது இப்படி ஏதோ ஒன்றில்தான் வேர்விடுகிறது என்று நான் நம்புகிறேன்.

தெருவில் ஆடும் பிள்ளை வெறுமனே ஆடுவதில்லை. வாயால் வர்ணனையும் செய்துகொண்டேதான் ஆடும்: கடைசி நிமிடம், ஆட்டம் சமன், இதோ பந்து என்னிடம். ஹெண்டர்சன் என்று சொல்லிக்கொண்டு அடித்த தலைமுறை ஒன்று. கிரெட்ஸ்கி என்று சொல்லிக்கொண்ட தலைமுறை அடுத்தது. பின்னர் கிராஸ்பி. பிரான்ட்ஃபோர்டில் கிரெட்ஸ்கியின் அப்பா வீட்டுப் பின்புறத்தில் தண்ணீரை உறையவைத்துக் களம் போட்டுக் கொடுத்தார். நோவா ஸ்கோஷியாவின் கோல் ஹார்பரில் சிறுவன் கிராஸ்பி வீட்டு அடித்தளத்தில் துணி உலர்த்தும் இயந்திரத்தைக் குறிவைத்து அடித்துப் பழகினான். நசுங்கிய அந்த இயந்திரம் இன்று ஹாலிஃபாக்ஸில் காட்சிப்பொருள். நியூமார்க்கெட்டில் மெக்டேவிட், கார் நிறுத்தும் வாசல் பாதையில் பெயின்ட் டப்பாக்களையும் கையில் கிடைத்ததையும் தடைகளாக வைத்து, சக்கர ஸ்கேட்டில் வளைந்து வளைந்து ஓடினார். நாடே எழுந்து நின்ற அந்த பாஸ்டன் கோலை, ஏதோ ஒரு வாசலில் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு முன்பே அடித்துப் பார்க்காத கனடியர் குறைவு.

2002-இல் வெளியான ஐந்து டாலர் நோட்டின் பின்புறத்தில் அரசு அச்சிட்ட படமும் ஒரு நட்சத்திர வீரருடையது அல்ல. திறந்தவெளிப் பனியில் ஆடும் குழந்தைகள்.

2018 ஏப்ரல் 6 அன்று ஹம்போல்ட் பிராங்கோஸ் என்ற இளையோர் அணியின் பேருந்து சஸ்காட்செவன் நெடுஞ்சாலையில் லாரியோடு மோதி 16 பேர் இறந்தபோது, நாடு முழுக்க மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வீட்டு வாசலில் ஒரு ஹாக்கி மட்டையைச் சாத்திவைத்து விளக்கை எரியவிட்டார்கள். துக்கம் சொல்லவும் அவர்களுக்கு அந்த மட்டைதான் இருந்தது.

வகுப்பறைக்கு வந்த தொலைக்காட்சி

ஹெண்டர்சனின் கோல் இவ்வளவு ஆழமாகப் பதிந்ததற்குக் காரணம், அதற்கு முன் விழுந்த அடி. 1972 செப்டம்பர் 2 அன்று மான்ட்ரியாலில் முதல் ஆட்டம். சோவியத் அணியை ஊதித் தள்ளிவிடலாம் என்ற இறுமாப்போடு இறங்கிய கனடா 7-3 எனத் தோற்றது. வான்கூவரில் நான்காவது ஆட்டத்தில் சொந்த ரசிகர்களே ஏசினார்கள். வியர்வை வழிய நின்று, தொலைக்காட்சியில் நாட்டையே பார்த்து மனமுடைந்து பேசினார் கனடா வீரர் ஃபில் எஸ்போசிட்டோ. மாஸ்கோவில் ஐந்தாவது ஆட்டமும் போயிற்று. மீதி மூன்றையும் வென்றாக வேண்டும். மூன்றிலும் வெற்றி கோல் ஹெண்டர்சனுடையது. செப்டம்பர் 28 அன்று பள்ளிகளில் பாடத்தை நிறுத்தித் தொலைக்காட்சிப் பெட்டியை வகுப்பறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அந்த வெற்றிக்கு ஒரு கறையும் உண்டு. ஆறாவது ஆட்டத்தில் சோவியத் நட்சத்திரம் கார்லமோவின் கணுக்காலில் கனடாவின் பாபி கிளார்க் மட்டையால் ஓங்கி அடித்தார். பெருமையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

யாருடைய தேசம்?

அமெரிக்க கீதத்தை ஊளையிட்டு அடக்கிய அதே மான்ட்ரியால், 1955 மார்ச் 17 அன்று ஹாக்கிக்காகவே கலவரத்தில் எரிந்தது. பிரெஞ்சு பேசும் மக்களின் தெய்வமான ஹாக்கி வீரர் மாரிஸ் ரிச்சர்டை, ஆங்கிலம் பேசும் லீக் தலைவர் கிளாரன்ஸ் கேம்பெல் மீதிப் பருவம் முழுக்க விலக்கிவைத்தார். அரங்கத்துக்குள் கண்ணீர்ப்புகை, வெளியே செயின்ட் கேத்ரின் தெருவில் உடைந்த கடைகள். ரிச்சர்டே வானொலியில் வந்து அமைதி கேட்க வேண்டியிருந்தது. கியூபெக்கின் தன்மான எழுச்சிக்கு அந்த இரவையே முன்னோடியாகப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிப்பட்ட நகரம் எழுபது ஆண்டு கழித்துக் கனடாவுக்காகக் குரல் கொடுத்தது என்பதை டிரம்ப்பின் சாதனையாகத்தான் எழுத வேண்டும்.

கறுப்பினத்தவருக்கு இந்த ஆட்டம் புதிதல்ல. நோவா ஸ்கோஷியாவில் 1895-இலேயே அவர்களுக்கென லீக் இருந்தது. ஆனால் என்.ஹெச்.எல். கதவு வில்லி ஓ’ரீக்குத் திறந்தது 1958-இல். அவருக்கு முன்பே டொராண்டோவின் ஹெர்ப் கார்னெகி, அபாரத் திறமை இருந்தும் நிறத்தால் உள்ளே போக முடியாமலேயே ஓய்ந்தார். 2019 நவம்பரில், சனிக்கிழமை இரவு ஹாக்கி ஒளிபரப்பின் நெடுங்கால முகமான டான் செர்ரி, புலம்பெயர்ந்தோர் போர்வீரர் நினைவுப் பாப்பிப் பூ அணிவதில்லை என்று நேரலையில் சாடினார். இரண்டே நாளில் வேலை போயிற்று. அது சரியான முடிவு. அதே சனிக்கிழமை ஹாக்கிக்கு 2008 முதல் பஞ்சாபி வர்ணனை உண்டு. டாக்ஸி ஓட்டும் அப்பாவும் கனடாவில் பிறந்த மகனும் பாட்டியோடு உட்கார்ந்து ஒரே ஆட்டத்தைப் பார்க்க அந்த மொழி வழி செய்தது.

டொராண்டோ வட்டாரத்து ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகளின் கதையும் இதில் சேரும். 1983-க்குப் பிறகு வந்த குடும்பங்களில் பெரியவர்களுக்குத் தெரிந்தது கிரிக்கெட். யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் மட்டைப்பந்துக்கு எடுத்த அதே டென்னிஸ் பந்து, அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஹாக்கிப் பந்தானது. இரவு வேலை முடித்து வரும் அப்பாவுக்கு ஸ்கேட் வாங்கித்தர வசதியில்லை. பனித்தள வாடகை எட்டாத உயரம். ஆனால் மட்டைக் குவியலில் தன் மட்டையையும் போட்ட அன்று அந்தப் பிள்ளை கனடாவுக்குள் வந்துவிட்டது. குடியுரிமைச் சான்றிதழ் பிறகுதான்.

■ வராத கோப்பை

என்.ஹெச்.எல்-இன் ஸ்டான்லி கோப்பையைக் கடைசியாக வென்ற கனடிய அணி 1993-இன் மான்ட்ரியால் கனேடியன்ஸ். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாக வென்றது 1967-இல். மெக்டேவிட்டின் எட்மன்டன் ஆயிலர்ஸ் 2024, 2025 என அடுத்தடுத்து இரண்டு இறுதிச் சுற்றுகளில் ஃப்ளோரிடாவிடம் தோற்றது.

பிள்ளைகள் கட்டிய காசு

தெருவிலிருந்து அரங்கத்துக்குப் போகும் வழி பணத்தால் அடைபட்டுக் கிடக்கிறது. ஸ்கேட், தலைக்கவசம், தோள் காப்பு, கையுறை. பிள்ளை வளர வளர எல்லாம் மறுபடி. பனித்தளத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. கொஞ்சம் திறமை காட்டினால் போட்டி அணி. அப்புறம் வாரக்கடைசிப் பயணம், ஹோட்டல், தனிப்பயிற்சி. ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். விடியற்காலைப் பயிற்சிக்குக் காரோட்ட ஆளில்லாத வீட்டுப் பிள்ளை அத்தோடு நின்றுவிடும்.

இப்படிக் கட்டிய பணம் எங்கே போயிற்று என்பது 2022-இல் தெரியவந்தபோது நாடு கொதித்தது. ‘ஹாக்கி கனடா’ அமைப்பு, பதிவுக் கட்டணத்திலிருந்து பணம் சேர்ந்த ஒரு நிதியை வைத்திருந்தது. 1989 முதல் ஒன்பது பாலியல் வன்முறைப் புகார்களைப் பேசித் தீர்க்க அதிலிருந்து 76 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டதாக நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டது. வாரக்கடைசியில் பிள்ளையைக் கூட்டிப்போய், பேப்பர் கப்பில் காபியோடு குளிரில் உட்கார்ந்திருந்த அம்மாக்களின் காசு அது. விளம்பரதாரர்கள் விலகினார்கள், அக்டோபரில் தலைமைச் செயல் அதிகாரியும் மொத்த நிர்வாகக் குழுவும் வெளியேற வேண்டி வந்தது. இந்த விவகாரத்தைக் கிளப்பிய 2018 தேசிய இளையோர் அணி வீரர்கள் மீதான பாலியல் வன்முறை வழக்கில் ஐந்து வீரர்களையும் நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுவித்தது. வழக்கு முடிந்தது. தங்கள் பணத்தைக் கேட்காமல் எடுத்துப் பயன்படுத்தியதற்குப் பெற்றோர்களுக்கு அந்த அமைப்பு தரவேண்டிய பதில் இன்னும் பாக்கி என்பதே என் எண்ணம்.

நம்பிக்கை தரும் ஒன்றும் அதே காலத்தில் நடந்தது. மகளிருக்கான தொழில்முறை லீக் 2024 ஜனவரி 1 அன்று டொராண்டோவில் தொடங்கியது. அந்த ஏப்ரலிலேயே பெல் சென்டரில் ஒரு மகளிர் ஆட்டத்துக்கு 21,105 பேர் வந்து சாதனை படைத்தார்கள். தெருவில் பையன்களோடு மட்டை போட்டு ஆடி, பன்னிரண்டு வயதுக்குப் பிறகு போக இடமில்லாமல் நின்ற எத்தனையோ பெண்கள் தங்கள் மகள்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

உறையாத கால்வாய், தடைசெய்த தெரு

பணம் இல்லாதவனுக்கு இயற்கை தந்த பனித்தளமும் சுருங்குகிறது. ஒட்டாவாவில் ரிடோ கால்வாய் குளிர்காலத்தில் 7.8 கிலோமீட்டர் நீளச் சறுக்குப் பாதையாகும். 1970-களின் தொடக்கத்திலிருந்து ஆண்டுதோறும் திறந்த அந்தப் பாதை, 2022-23 குளிர்காலத்தில் முதல்முறையாக ஒருநாள்கூடத் திறக்கவில்லை. பனி போதிய அளவு கெட்டிப்படவே இல்லை. வீட்டுப் பின்புறங்களில் மக்கள் போடும் களங்கள் எத்தனை நாள் தாங்குகின்றன என்று வில்ஃப்ரிட் லாரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 முதல் பொதுமக்களிடமே குறிப்பு வாங்கிச் சேர்த்துவருகிறார்கள்.

ஆக, மிஞ்சியிருப்பது தார்ச்சாலை. அதையும் பல ஊர்களின் விதிகள் விட்டுவைக்கவில்லை. தெருவில் பந்தோ ஹாக்கியோ ஆடக்கூடாது என்று டொராண்டோவின் குடியிருப்புத் தெருக்களில் பலகையே நட்டிருந்தார்கள். அண்டை வீட்டார் புகார் கொடுத்தால் அபராதம். 2016-இல் தடையை நீக்கும் யோசனை வந்தபோது, யாராவது அடிபட்டால் நகராட்சி பொறுப்பேற்க நேரிடும் என்று அதிகாரிகள் வேண்டாம் என்றார்கள். மன்ற உறுப்பினர்கள் அதைத் தள்ளிவிட்டு வாக்களித்தார்கள். வேக வரம்பு 40 கிலோமீட்டருக்கு மேற்படாத குடியிருப்புத் தெருக்களில், காலை 9 முதல் இரவு 8 வரை ஆடலாம் என்றாயிற்று.

அதிகாரிகளின் பயம் அர்த்தமற்றது என்று சொல்லமாட்டேன். கார்கள் பெருத்துவிட்டன, கையில் கைபேசியோடு ஓட்டுபவர்கள் பெருகிவிட்டார்கள். ஆனால் அதற்கு மருந்து காரின் வேகத்தைக் குறைப்பது, பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்புவது அல்ல. தேர்தல் மேடையில் ‘முழங்கையைத் தூக்கு’ என்று முழங்கிய தலைவர்கள் தங்கள் ஊர் விதிப்புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். தடை இன்னும் இருக்கும் நகராட்சிகளில், டொராண்டோ 2016-இல் செய்ததைச் செய்ய ஒரே ஒரு மன்றக் கூட்டம் போதும். வேகத்தடைக்கும் பலகை மாற்றுவதற்கும் ஆகும் செலவு, ஒரு பனி அரங்கம் கட்டும் செலவில் தூசு. பனி உருகும் முன்பே தீர்மானம் போட்டால், வரும் வசந்தத்திலேயே பிள்ளைகள் மட்டையோடு இறங்கிவிடலாம்.